பொருளாதாரத் தடை: குற்றவாளிக்கா, குடிமக்களுக்கா?

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



மதிப்பிற்குரிய ஜமாஅத் பெரியோர்களே, தாய்மார்களே, ஷிப்ட் முடிந்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் இளைஞர்களே!

ஓர் அரசு அநியாயம் செய்தால் மற்ற நாடுகள் சட்டம் போட்டு அதன் மீது தடை விதிக்கின்றன. ஈரான் மீது தடை, ரஷ்யா மீது தடை, மியான்மர் ராணுவத்தின் மீது தடை என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். படித்துவிட்டு, "நம் அரசாங்கம் இன்ன நாட்டின் மீது ஏன் தடை போடக் கூடாது?" என்று கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தத் தடை யார் தலையில் விழும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதைப் புரிந்துகொள்ள நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நம் தமிழ்நாடு சட்டமன்றமே இந்தக் கோரிக்கையை இரண்டு முறை எழுப்பியிருக்கிறது. பிறகு அதே மன்றம் வேறொரு காரியமும் செய்தது. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்தது. கடைசி மாதங்களில் கொல்லப்பட்ட பொதுமக்கள் எண்ணிக்கை 40,000 வரை இருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் அறிக்கை கொடுத்தது. அந்த ஆண்டு ஜூன் 8 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா கொண்டுவந்த தீர்மானம் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. தமிழர்கள் மீண்டும் குடியமர்த்தப்பட்டு சம உரிமை பெறும் வரை இலங்கை மீது பொருளாதாரத் தடை விதிக்க மத்திய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2013 மார்ச்சில் கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்து மாநிலம் முழுக்கக் கொந்தளித்தபோது, மார்ச் 27 அன்று இன்னொரு தீர்மானம் வந்தது. இலங்கையை நட்பு நாடு என்று சொல்வதை நிறுத்துங்கள், பொருளாதாரத் தடை போடுங்கள், ஈழம் குறித்துப் பொது வாக்கெடுப்பு நடத்தச் செய்யுங்கள் என்றது அந்தத் தீர்மானம்.

இவை தீர்மானங்கள்தாம், சட்டங்கள் அல்ல. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் வெளியுறவும் வெளிநாட்டு வணிகமும் மத்திய அரசின் பட்டியலில் இருக்கின்றன. கொழும்புக்குப் போகும் ஒரு மூட்டை வெங்காயத்தைக்கூட மாநில அரசு நிறுத்த முடியாது. மத்திய அரசு ஜெனீவாவில் 2012-லும் 2013-லும் இலங்கைக்கு எதிராக வாக்களித்தது, 2014-ல் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கியது. வணிகத் தடை மட்டும் கடைசி வரை வரவில்லை. 2000 முதல் நடப்பில் இருக்கும் இந்திய-இலங்கை வர்த்தக ஒப்பந்தமும் அப்படியே தொடர்ந்தது.

இந்தியா யார் மீதும் தடையே போட்டதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1946-ல், சுதந்திரத்துக்கு முன்பே, தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினரை நில உரிமையிலிருந்து ஒதுக்கும் சட்டம் வந்தபோது, அந்த நாட்டோடு வணிகத்தை முறித்த முதல் நாடு இந்தியாதான். அங்கே கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களில் நம் தமிழர்கள் எத்தனையோ பேர்.

சரி, தடை போடும் அதிகாரம் நம் மாநிலத்துக்கு இல்லை. கோபம் இருந்தது. அந்தக் கோபம் யார் மீது போய் விழுந்தது? 2012 செப்டம்பரில் கொழும்பிலிருந்து கால்பந்து ஆட வந்த பள்ளி மாணவர்கள் மீது. அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஆட அனுமதித்த நேரு விளையாட்டரங்க அதிகாரி சஸ்பெண்ட் செய்யப்பட்டார். அதே மாதம் வேளாங்கண்ணிக்கு வந்த இலங்கை யாத்ரீகர்களின் பேருந்துகள் தாக்கப்பட்டன. 2013-ல் ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் யாரும் சென்னையில் ஆடக் கூடாது என்றானது. அப்படி ஆட முடியாமல் போனவர்களில் ஒருவர் முத்தையா முரளிதரன். கண்டியில் பிறந்த தமிழர், சென்னையில் பெண் எடுத்தவர்! போருக்கு உத்தரவிட்டவர்கள் கொழும்பில் பத்திரமாக இருந்தார்கள். நமக்கு எட்டியவர்கள் பள்ளிக்கூடப் பையன்களும் மாதா கோயிலுக்கு வந்த ஏழைகளும்தான்.

இதை யாரையும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. கோபத்துக்கு எப்போதும் கைக்கு எட்டியவர்தான் அகப்படுவார். நம் பகுதிக்காரர்களுக்கு இது தெரிந்த கதை. 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது இதோ ஸ்ரீபெரும்புதூரில். வழக்கு நடந்தது பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில். கொலைக்குப் பிறகு தமிழ்நாட்டின் அகதி முகாம்களில் இருந்த அத்தனை குடும்பங்களும் சந்தேகப் பார்வைக்கு ஆளாயின. குண்டுக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த கிழவியும் குழந்தையும் அந்தக் கொலைக்கு என்ன பொறுப்பு?

தடை என்ற ஆயுதத்தை இலங்கைத் தமிழர்களே அனுபவித்திருக்கிறார்கள் என்பதையும் நம் இளைஞர்கள் அறிய வேண்டும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் போகும் பொருட்கள் மீது இலங்கை அரசு தடை போட்டது. எரிபொருள், பேட்டரி, சிமெண்ட், உரம் என்று பட்டியல் நீண்டது. யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலில் சின்னத் திரி வைத்து விளக்கு எரித்தார்கள், பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தார்கள். பேட்டரி கிடைக்காததால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் ரேடியோ செய்தி கேட்டார்கள். ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த இந்தத் தடை 2002 ஜனவரியில்தான் எடுக்கப்பட்டது. புலிகளை ஒடுக்கத்தான் தடை என்று அரசு சொன்னது. துப்பாக்கி வைத்திருந்தவனுக்கு வேண்டியது போய்க்கொண்டுதான் இருந்தது. திரி சுருங்கியது குடும்பங்களின் வீட்டில்.

அதே 1990-ன் அக்டோபரில் புலிகள் என்ன செய்தார்கள்? வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வீடு வாசலை விட்டு விரட்டினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு அக்டோபர் 30 அன்று கொடுக்கப்பட்ட நேரம் இரண்டு மணி. காட்டிக்கொடுத்தார்கள் என்று சிலர் மீது சொன்ன சந்தேகத்துக்கு ஒரு சமுதாயமே தண்டனை சுமந்தது. பெரும்பாலானவர்கள் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் அடைக்கலம் புகுந்தார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். ஒடுக்கப்பட்டவன் கையிலும் இந்த ஆயுதம் வந்தால் இப்படித்தான் வெட்டுகிறது.

உலக அளவில் இதற்குப் பெரிய உதாரணம் ஈராக். 1990 ஆகஸ்ட் 6 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை 661-ஆம் எண் தீர்மானத்தால் அந்த நாட்டின் வணிகம் முழுவதையும் அடைத்தது. சதாம் குவைத்துக்குள் படை நடத்தியது அநியாயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தடை நீடித்த பன்னிரண்டு சொச்சம் ஆண்டுகளில் சதாமின் மாளிகைகள் எழும்பிக்கொண்டே இருந்தன. மருத்துவமனைகளில் மருந்து தீர்ந்தது, ஆசிரியர்களின் சம்பளம் காகிதமானது. மக்கள் அரசு கொடுத்த ரேஷன் அட்டையை நம்பியே வாழ வேண்டி வந்ததால் சதாமின் பிடி இன்னும் இறுகியது என்பதுதான் வேதனை. அங்கே ஐ.நா.வின் மனிதநேயப் பணிக்குத் தலைமை வகித்த டெனிஸ் ஹாலிடே 1998-ல் மனம் பொறுக்காமல் ராஜினாமா செய்தார். அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக்கும் 2000-ல் அதே காரணத்துக்காக விலகினார்.

தென்னாப்பிரிக்கா விஷயம் வேறு மாதிரி நடந்தது. 1986-ல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறவெறி அரசுக்கு எதிராக ஒரு தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதிபர் ரீகன் அதை ரத்து அதிகாரத்தால் நிறுத்தினார். அவருடைய சொந்தக் கட்சி உறுப்பினர்கள் பலரும் சேர்ந்து, அக்டோபர் 2 அன்று செனட்டில் 78-க்கு 21 என்ற வாக்கில் அந்த ரத்தை முறியடித்தார்கள். அந்தச் சட்டத்தில் நமக்குப் பிடித்த அம்சம், தடை எப்போது விலகும் என்று அதிலேயே எழுதியிருந்தது. மண்டேலாவையும் அரசியல் கைதிகளையும் விடுதலை செய், அவசரநிலையை எடு, கட்சிகளை இயங்க விடு என்று நிபந்தனைகள் தெளிவாக இருந்தன. அவை நிறைவேறியதாகச் சொல்லி 1991-ல் தடை விலக்கப்பட்டது. இன்னொன்றும் உண்டு. தடை போடுங்கள் என்று அந்த நாட்டுக் கறுப்பின மக்களின் தலைவர்களே கேட்டார்கள். ஈராக்கில் பட்டினி கிடந்த தாயிடம் யாரும் கேட்கவில்லை.

இந்த அனுபவங்களுக்குப் பிறகு சட்டங்களின் போக்கு மாறியது. நாட்டின் மீது போடாமல், பெயர் குறித்து ஆட்களின் மீது தடை போடும் முறை வந்தது. அவருடைய பணம் முடக்கப்படும், விசா கிடைக்காது, அவரோடு யாரும் வியாபாரம் செய்ய முடியாது. மாஸ்கோ சிறையில் 2009-ல் இறந்த மேக்னிட்ஸ்கி என்பவரின் பெயரால் அமெரிக்கா 2012-ல் போட்ட சட்டம் இதற்கு முன்மாதிரியானது. 2016-ல் அதை எல்லா நாட்டுக்காரர்களுக்கும் பொருந்தும்படி விரித்தார்கள்.

இலங்கைக்கும் அது வந்து சேர்ந்தது. 2020 பிப்ரவரியில் ராணுவத் தளபதி சவேந்திர சில்வாவுக்கு அமெரிக்கா விசா தடை விதித்தது. 2023 ஜனவரி 10 அன்று கனடா, தன் சிறப்புப் பொருளாதார நடவடிக்கைச் சட்டத்தின் கீழ், முன்னாள் அதிபர்கள் மகிந்த ராஜபக்ச, கோத்தபய ராஜபக்ச உட்பட நான்கு பேர் மீது தடை போட்டது. நான்கு பேரில் ஒருவர் சுனில் ரத்நாயக்க என்ற ராணுவ வீரர். 2000 டிசம்பரில் மிருசுவிலில் குழந்தை உட்பட எட்டுத் தமிழர்களைக் கொன்ற வழக்கில் இலங்கை நீதிமன்றமே அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. கோத்தபய 2020 மார்ச்சில் அவருக்குப் பொதுமன்னிப்பு கொடுத்து வெளியே விட்டார். மன்னித்தவர் பெயரும் மன்னிக்கப்பட்டவர் பெயரும் ஒரே தடைப் பட்டியலில்! 2025 மார்ச்சில் பிரிட்டன் சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய ஆகிய மூன்று முன்னாள் தளபதிகள் மீது தடை போட்டது. நான்காவதாக, புலிகளின் கிழக்குத் தளபதியாக இருந்து பிறகு அரசுப் பக்கம் போன கருணாவின் பெயரையும் சேர்த்தது. சிங்களவர், தமிழர் என்று பார்க்காமல் செய்கையைப் பார்த்து எழுதிய பட்டியல் என்பதால் அது நமக்கு மரியாதைக்குரியதாகப் படுகிறது.

இதனால் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். யாரும் சிறைக்குப் போகவில்லை. கனடாவில் அவர்களுக்குச் சொத்து இருந்தால்தானே முடக்க! ஆனால் யாழ்ப்பாணத்திலோ ஹம்பாந்தோட்டையிலோ ஒரு குழந்தையின் பால்மாவு இதனால் குறையவில்லை. குறைவான பலன் என்றாலும் தவறான ஆளின் மீது விழாத தண்டனை இது.

பெயர்ப் பட்டியலிலும் ஒரு சிக்கல் உண்டு, அது நம் வீட்டுக்கே வருகிறது. பட்டியலில் இருக்கும் பெயர்களோடு வங்கிகள் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. முகமது, அப்துல்லா, இப்ராஹிம் என்று உலகம் முழுக்க ஒரே பெயரில் எத்தனை பேர்! நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் வளைகுடாவிலிருந்து தங்கை கல்யாணத்துக்கு அனுப்பிய பணம், பெயர் ஒத்துப்போகிறது என்று ஒரு பணமாற்று நிறுவனத்தில் பதினோரு நாள் நின்றுபோனது. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்ட அவர் தந்தை நம் அலுவலகத்துக்கு வந்து கைமாற்று வாங்கினார். ஆகவே சொல்லிக்கொள்கிறோம்: பணம் அனுப்பும்போது இனிஷியலோடு நிறுத்தாமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயரையும் தந்தை பெயரையும் எழுதுங்கள். ஆதார், வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட் மூன்றிலும் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கட்டும். விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் பயப்படாமல் பிறந்த தேதிச் சான்றோடு உடனே பதில் போடுங்கள். அதற்கு உதவி வேண்டுமென்றால் அலுவலகத்துக்கு வாருங்கள்.

இனி, அதே சட்டமன்றம் செய்த இன்னொரு காரியத்துக்கு வருவோம்.

2022-ல் இலங்கையில் டாலர் தீர்ந்தது. பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசை, எரிவாயு இல்லை, மருந்து இல்லை. ஆட்சியில் இருந்தவர்கள் அதே ராஜபக்ச சகோதரர்கள். கொரோனா காலத்தில் நம் சகோதரர்களின் ஜனாஸாக்களைக் கபர் செய்ய விடாமல் எரித்த அரசு அது. பிறந்து இருபது நாளே ஆன பச்சைக் குழந்தையின் உடலையும் விட்டுவைக்கவில்லை. ஜெனீவாவில் முஸ்லிம் நாடுகளின் வாக்கு தேவைப்பட்ட 2021 பிப்ரவரியில்தான் அந்த உத்தரவை எடுத்தார்கள். அப்படிப்பட்ட அரசுக்குக் கஷ்டம் வந்தால் நமக்கென்ன என்று யாரும் சொல்லியிருக்கலாம். பதினோரு ஆண்டுகளுக்கு முன் பொருளாதாரத் தடை கேட்ட மன்றத்துக்கு, கேட்ட தடை தானாகவே வந்து சேர்ந்துவிட்டதே!

2022 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் கொண்டுவந்த தீர்மானத்தை எல்லாக் கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றின. 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், உயிர்காக்கும் மருந்துகள், மொத்தம் 123 கோடி ரூபாய் மதிப்பு. முதலில் தமிழர் பகுதிகளுக்கு அனுப்பத்தான் மாநில அரசு அனுமதி கேட்டிருந்தது. இலங்கைத் தமிழர் தலைவர்களோ, எங்களுக்கு மட்டும் என்று பிரித்து அனுப்பாதீர்கள், எல்லா மக்களுக்கும் பொதுவாக அனுப்புங்கள் என்றார்கள். தீர்மானமும் அப்படியே எல்லோருக்கும் என்று அமைந்தது. மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. மே 18, முள்ளிவாய்க்காலில் செத்தவர்களை நினைவுகூரும் நாள். தேதி தற்செயலாக அமைந்ததா, தெரிந்தே வைத்தார்களா, எப்படியானாலும் அந்த நாளில் தமிழ்நாட்டு அரிசி சிங்களக் குடும்பத்துக்கும் சேர்த்துப் போனது.

கோத்தபயவை வீழ்த்தியது எந்த வெளிநாட்டுச் சட்டமும் அல்ல. காலிமுகத் திடலில் கூடிய அந்த நாட்டு மக்கள். அந்த ஆண்டு ரமலானில் அதே திடலில் நம் சகோதரர்கள் நோன்பு திறந்தபோது சிங்களவரும் தமிழரும் பக்கத்தில் அமர்ந்து கஞ்சி குடித்தார்கள். ஜூலையில் அதிபர் மாலத்தீவு வழியாக சிங்கப்பூருக்கு ஓடி ராஜினாமா அனுப்பினார்.

இந்த இடத்தில் சீராவிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளை நினைவூட்டுகிறோம். மதரஸாவில் சின்ன வயதில் படித்ததுதான், புதிதல்ல. மக்காவில் குறைஷிகள் பனூ ஹாஷிம் கிளையாரோடு கொடுக்கல் வாங்கல் கூடாது, சம்பந்தம் கூடாது என்று ஒப்பந்தம் எழுதி கஃபாவில் மாட்டினார்கள். அபூதாலிப் கணவாயில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். பசியில் அழும் பிள்ளைகளின் சத்தம் வெளியே கேட்டது. கடைசியில் குறைஷிகளிலேயே மனசாட்சியுள்ள சிலர் எழுந்துதான் அந்த ஏட்டைக் கிழித்தார்கள். பொருளாதாரத் தடையின் வலி நபி (ஸல்) அவர்கள் பட்டு அறிந்தது.

பல ஆண்டுகளுக்குப் பின் நிலைமை தலைகீழானது. யமாமாவின் தலைவர் துமாமா பின் உஸால் (ரலி) அவர்கள் இஸ்லாத்தை ஏற்றபின் மக்காவுக்குப் போகும் தானியத்தை நிறுத்தினார்கள். மக்காவின் கோதுமை வந்ததே யமாமாவிலிருந்துதான். பசி தாங்காத குறைஷிகள், உறவைச் சொல்லி மதீனாவுக்குக் கடிதம் எழுதினார்கள். அப்போது அவர்கள் எதிரிகள், போர் முடிந்துவிடவில்லை. நபி (ஸல்) அவர்கள் தானியத்தை விட்டுவிடும்படி துமாமாவுக்கு எழுதினார்கள்.

ஏன் இன்று இதையெல்லாம் எடுத்தோம் என்றால், நம் இளைஞர் அணி ஒரு தீர்மான வரைவைக் கொடுத்திருக்கிறது. காஸாவில் நடக்கும் கொடுமைக்காக இஸ்ரேல் மீது பொருளாதாரத் தடை விதிக்க மத்திய அரசைக் கேட்கும் வரைவு. அவர்கள் நெஞ்சு கொதிப்பது நமக்குப் பெருமைதான், நம் நெஞ்சும் அப்படித்தான் கொதிக்கிறது. வரைவைத் தள்ளவில்லை. ஆனால் இப்போதிருக்கும் வாசகத்தோடு அனுப்ப நிர்வாகக் குழுவுக்கு மனமில்லை. "அந்நாட்டார் எவரோடும் எந்தத் தொடர்பும் கூடாது" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த நாட்டுக் குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபி என்பதை எழுதிய தம்பிகள் யோசிக்கவில்லை போலும். தங்கள் அரசின் போரை எதிர்த்துத் தெருவில் நிற்கும் யூதர்களும் அந்த 'எவரோடும்' என்ற சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். காஸா மக்களே 2007 முதல் முற்றுகையில் வாடுகிறவர்கள். முற்றுகையைக் கண்டிக்கும் காகிதத்தில் இன்னொரு முற்றுகையைக் கேட்டு எழுதலாமா?

2025 ஜூன் 10 அன்று பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நார்வே ஆகிய ஐந்து நாடுகள் பென் கிவிர், ஸ்மோட்ரிச் என்ற இரண்டு இஸ்ரேலிய அமைச்சர்கள் மீது பெயர் சொல்லித் தடை போட்டன. ஆயுத வணிகத்தை நிறுத்தக் கேட்கலாம், உத்தரவிட்டவர்களைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். உணவும் மருந்தும் எந்தத் தடையிலும் சேரக் கூடாது என்று எழுத வேண்டும். என்ன செய்தால் தடை விலகும் என்பதையும் எழுத வேண்டும். கடைகளில் சாமான் வாங்குவதும் வாங்காததும் அவரவர் மனசாட்சி. அதற்காக வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலை நம்பி, குன்றத்தூர் சாலையில் பெட்டிக்கடை வைத்திருப்பவரிடம் போய்ச் சண்டை போடுவதை இந்த அறக்கட்டளை ஒப்புக்கொள்ளாது. ஏற்றுமதி ஆர்டர் நின்றால் முதலில் வேலை இழப்பது காண்ட்ராக்ட் தொழிலாளி என்பது ஒரகடத்தில் வேலை பார்க்கும் உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வரைவின் நகல் அலுவலகத்தில் இருக்கிறது. மஃரிபுக்குப் பிறகு இஷா வரை திறந்திருக்கும். திருத்தம் சொல்ல விரும்புவோர், தாய்மார்கள் உட்பட, எழுதிக் கொடுங்கள். வரும் ஞாயிறு பொதுக்குழுவில் வரி வரியாகப் படித்து முடிவு செய்வோம், இன்ஷா அல்லாஹ். இளைஞர் அணிச் சகோதரர்கள் எல்லோரும் அன்று கட்டாயம் வர வேண்டும். செகண்ட் ஷிப்ட் இருப்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் நேரத்தை மாற்றி வைக்கிறோம்.

வஸ்ஸலாம்.